உள்ளே வெளியே: மலைநாட்டுச் சூதாட்ட மேசைகளின் கதை

1884 மே மாதம் 3ஆந் திகதி கொழும்பில் ஓரியன்டல் வங்கி கதவை மூடியது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே வளர்ந்த வங்கி அது. தோட்டங்கள் கவிழ்ந்தன, வங்கியும் கவிழ்ந்தது. கையில் இருக்கும் வங்கித்தாள் இனி அடுப்பெரிக்கத்தான் உதவும் என்று கடைக்காரர்கள் பதறினார்கள். அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று தேசாதிபதி ஆதர் கோர்டன் அறிவித்த பிறகுதான் கடைவீதிக்கு மூச்சு வந்தது. அதே ஆண்டில் புகைவண்டி அட்டனுக்கு ஏறி வந்து சேர்ந்தது. கோப்பியை இறக்கப் போட்ட பாதை, வந்து சேரும்போது இறக்கக் கோப்பி இல்லை.

மலைநாட்டுச் சூதாட்டத்தின் கதையைச் சீட்டுக்கட்டில் தொடங்குவது வழக்கம். அதற்கு முன்னால் நிலத்தில் நடந்த ஆட்டம் ஒன்று இருக்கிறது. 1844 வரை முடிக்குரிய காட்டுநிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குப் போனது. சிவில் சேவை அதிகாரி, பட்டாளத்து அதிகாரி, நீதிபதி, பாதிரியார் என்று சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும் காடு வாங்கினார்கள். வாங்கிய காட்டைக் கண்ணால் பார்க்காதவர்களும் அதில் உண்டு. குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இந்தக் கோப்பிப் பித்தைக் கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தங்கம் தேடி ஓடியவர்களின் பித்தோடு ஒப்பிட்டு எழுதினார். 1847இல் இலண்டனில் கோப்பி விலை சரிந்தது. பெருந்தொகை கொட்டிய தோட்டங்கள் வந்த விலைக்குப் போயின. பிறகு விலை ஏறியது, மறுபடி ஆடினார்கள். 1869இல் இலையில் மஞ்சள் பொட்டாக ஒரு பூஞ்சணம் தெரிந்தது. அடுத்த பதினைந்து வருடத்தில் கோப்பிக் கதை முடிந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலைதான் மிஞ்சியவர்களைக் காப்பாற்றியது.

இவர்களில் எவரையும் யாரும் சூதாடி என்று சொல்லவில்லை.

மேசையில் ஆடிய ஆட்டமும் இவர்களோடுதான் மலையேறியது. நுவரெலியாவில் 1875இல் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. அடுத்த ஆண்டு ஹில் கிளப். டிக்கோயாவுக்குத் தரவளை, திம்புளைப் பக்கத்துக்கு ராதெல்லை என்று பள்ளத்தாக்குக்கு ஒரு கிளப் எழுந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரையைப் பார்க்கவே குதிரையில் மைல்கணக்கில் போகவேண்டிய காலம். வாரத்தில் ஒருநாள் கிளப்புக்குப் போனால்தான் தன் பாஷை பேசும் முகம் ஒன்றைப் பார்க்கலாம். டென்னிஸ், கிரிக்கெட், பில்லியர்ட்ஸ், இருட்டிய பிறகு விஸ்கியும் சீட்டும். விஸ்ட் என்ற நாலுபேர் ஆட்டம் முதலில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது அந்த இடத்தைப் பிரிட்ஜ் பிடித்துக்கொண்டது.

போக்கர் சற்றுச் சுற்றிக்கொண்டு வந்தது. மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் வளர்ந்த இந்த அமெரிக்க ஆட்டத்தை ஆங்கில மேட்டுக்குடியிடம் கொண்டுபோனவர் என்று சொல்லப்படுபவர் இலண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ரொபர்ட் ஷென்க். 1870களின் தொடக்கத்தில் நாட்டுப்புற மாளிகை ஒன்றில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது, வீட்டு அம்மையார் கேட்டதற்காக ஆட்டத்தின் விதிகளை எழுதிக்கொடுத்தார். அம்மையார் அதை அச்சிட்டு நண்பர்களுக்கு விநியோகித்துவிட்டார். ஷென்க் 1876இல் பதவி விலகவேண்டி வந்தது. காரணம் சீட்டல்ல, யூட்டாவில் இருந்த வெள்ளிச் சுரங்கம் ஒன்றின் பங்குகளைத் தூதர் என்ற பெயரை வைத்து இலண்டனில் விற்க உதவியது. சுரங்கத்தில் வெள்ளி தீர்ந்துபோயிருந்தது. போக்கரில் பொய்க்கை காட்டுவது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பங்குச்சந்தையில் அகப்பட்டுக்கொண்டார்.

இலங்கையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பந்தயம் எவ்வளவு சாதாரணமான பொழுதுபோக்கு என்பதற்கு லெனார்ட் வுல்ஃப் நல்ல சாட்சி. 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணம், கண்டி, ஹம்பாந்தோட்டை என்று வேலை பார்த்தவர். குதிரைப்பந்தயச் சுவீப் ஒன்றில் அவருக்கு 690 பவுண் விழுந்தது. சிவில் சேவையை உதறிவிட்டு எழுத்தாளர் வர்ஜீனியாவைக் கைப்பிடித்த காலத்தில் அவர் கையில் இருந்த சேமிப்பில் பெரும்பகுதி அதுதான். பிற்காலத்தில் சுயசரிதையில் இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறார். ஒரு தோட்டத் தொழிலாளி தனக்குச் சூதில் விழுந்த பணத்தைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்க முடியாது. சொன்னால் பொலிஸ் வரும்.

ஏன் வரும் என்பதற்கு 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தைப் புரட்ட வேண்டும். இந்தியாவில் சட்டம் வேறு வழியில் போனது. அங்கே நீதிமன்றங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி, ஓர் ஆட்டத்தில் திறமை கூடவா அதிர்ஷ்டம் கூடவா என்பது. 1967இல் இந்திய உச்சநீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. போக்கருக்கும் அந்தச் சலுகை உண்டா என்று சென்னை உயர்நீதிமன்றம் அண்மைக்காலம் வரை விசாரித்துக்கொண்டிருந்தது. இலங்கைச் சட்டம் அடிப்படையில் வேறொன்றைக் கேட்டது: எங்கே ஆடினாய்? தெருவில், பாதையில், பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில், சாராயக் கடையில் பணம் வைத்து ஆடினால் குற்றம். பொதுமக்களை வரவிட்டுச் சூதாட்ட இடம் நடத்தினால் குற்றம். சேவற்சண்டையும் குற்றம். நண்பர்கள் ஒரு வீட்டுக்குள் கூடிக் காசு வைத்து ஆடினால் அந்தச் சட்டத்தின் கை அவ்வளவு தூரம் நீளாது. உறுப்பினர் மட்டும் நுழையக்கூடிய கிளப் மண்டபத்துக்குள்ளும் நீளவில்லை.

தமிழ்நாட்டில் மங்காத்தா என்ற சீட்டாட்டத்துக்கு உள்ளே வெளியே என்று இன்னொரு பெயர் உண்டு. இந்தச் சட்டத்துக்கும் அது பொருந்தும்.

வாசலும் சுவரும் உள்ளவனுக்கு அது நல்ல சட்டம். தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் லயத்தில் என்ன வாசல், என்ன சுவர்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அறைக்குள் அடுப்பும் பாயும் பிள்ளைகளும். நாலு ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார உள்ளே இடமில்லை. ஆகவே ஆட்டம் இஸ்தோப்புக்கு வந்தது. இஸ்தோப்புக்கு முன்னால் ஓடுவது தோட்டத்துப் பாதை. அங்கிருந்து பீலிக்கரைக்கு, கோயில் திடலுக்கு, ஆற்றோரத்துக்கு ஆட்டம் நகர்ந்தது. அத்தனையும் சட்டத்தின் பார்வையில் வெளி. அறையே கூடத் தொழிலாளியின் வீடு அல்ல, தோட்டத்தின் சொத்து. வேலை போனால் அறையும் போகும். துரை தன் பங்களாவில் ஒரே இரவில் தோற்கும் தொகை லயத்தில் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆனாலும் பொலிஸ் பீலிக்கரைக்குத்தான் வரும்.

அந்தக் காலச் சம்பளம் எவ்வளவு? 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டு ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயித்தார்கள். பிரட்டுக்களத்தில் பேர் விழுந்தால், அதாவது அன்றைய வேலை பதிவானால், அந்தக் காசு. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். இதில் இன்னொரு விஷயத்தை வரலாறு எழுதுகிறவர்கள் மெல்லக் கடந்து போய்விடுகிறார்கள். பல தோட்டங்களில் நீண்ட காலம் பெண்ணின் சம்பளத்தையும் புருஷனோ தகப்பனோதான் மேசையில் கையெழுத்திட்டு வாங்கினார்கள். சம்பள நாள் சாயந்திரம் சீட்டுக்கு நடுவில் கிடந்த காசில் கணிசமான பங்கு, அந்த ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருத்தி கூடையில் பறித்துப் போட்டது. லயத்துச் சீட்டாட்டத்தை ஏழையின் எளிய இன்பம் என்று உருகி எழுதுவதற்கு இந்த ஒரு தகவல் தடையாக நிற்கிறது.

லயத்தில் ஆடியது போக்கர் அல்ல. இலங்கை முழுக்க ஆடும் ஆட்டங்கள் இரண்டு: ஓமியும் முந்நூற்று நாலும். இரண்டுக்கும் ஏழு முதல் ஆசு வரை 32 கடதாசி போதும். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஓமி சுருக்கமானது. முதல் நாலு கடதாசியைப் பார்த்ததுமே துரும்பு சொல்லவேண்டும், மீதி நாலும் கைக்கு வருமுன். எட்டுப் பிடியையும் ஒரு பக்கமே வாரிவிட்டால் எதிர்ப்பக்கத்துக்குக் கிடைக்கும் கேலி அடுத்த கொழுந்து நாள் வரை ஓயாது. புதுவருஷத்துக்குச் சிங்களக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் ஒரே மாதிரி ஆடுவார்கள்.

முந்நூற்று நாலு, மனக்கணக்கு உள்ளவர்களின் ஆட்டம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறும் கை. ஒரு இனத்துக்கு 76 புள்ளி, நாலு இனத்துக்கு 304. ராஜாவையும் ராணியையும் ஜாக்கி மட்டுமல்ல ஒன்பதும் அடித்து வீழ்த்துகிற இந்த ஏற்பாடு வெளிநாட்டுக்காரர் எவருக்கும் முதல் நாளில் தலைசுற்றலைத் தரும். கேள்வி 160இல் தொடங்கும். ஏலம் எடுத்தவர் துரும்புக் கடதாசியைக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். எதிரே இருக்கும் கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. யாராவது கேட்ட இனம் இல்லாமல் கவிழ்த்துப் போட்டு வெட்டும்வரை அந்த ஒரு கடதாசியை மற்ற மூவரும் முகத்தைப் பார்த்தே படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வாத்தியார்மாரும் ரயில்வே உத்தியோகத்தரும் இதில் பேர்போனவர்கள். மலையகத்தில் கணக்கப்பிள்ளை, டிஸ்பென்சர், டீமேக்கர் வீடுகளில் இது ஓடியது. போக்கர் பழகுகிறவர் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பாதி வித்தை, அதாவது எதிராளி எதை மறைக்கிறான் என்று கணிப்பது, முந்நூற்று நாலு ஆடி வளர்ந்தவருக்கு ஏற்கனவே கைவந்திருக்கும்.

பகிரங்கமாக, பலருக்கும் முன்னால், யாருக்கும் பயப்படாமல் சீட்டுக்கட்டு வெளியே வரும் ஓர் இடம் உண்டு. எழவு வீடு. பிரேதம் கிடக்கும் இரவில் உறவும் சனமும் விழித்திருக்க வேண்டும்; மலைக்குளிரில் விழித்திருக்க ஏதாவது வேண்டும். சாயத்தண்ணி, வெற்றிலை, காட்ஸ். வாசலில் தகரக் கூடாரத்தின் கீழே மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டு விடியும்வரை ஆடுவார்கள். சில இடங்களில் சும்மா, சில இடங்களில் சில்லறை வைத்து. சிங்கள ஊர்களிலும் இதே வழக்கம்தான். செத்தவருக்குச் செய்யும் மரியாதையில் ஒரு பங்காக இது ஆகிவிட்டதால், அந்த இரவில் யாரும் சட்டம் பேசுவதில்லை.

பந்தயத் திடலுக்கு வருவோம். ஏப்ரல் வந்தால் தேசாதிபதியே நுவரெலியாவுக்குக் குடிபெயர்வார். அதற்குப் பெயர் சீசன். குதிரை ஓட்டம், மலர்க் கண்காட்சி, 1934 முதல் மகாகஸ்தோட்டை மலைப்பாதையில் மோட்டார் ஓட்டம். துரைமார் மண்டபத்திலிருந்து பார்த்தார்கள், தொழிலாளர் வேலியோரத்தில் நின்று பார்த்தார்கள். ஒரே குதிரைமேல் இரண்டு கூட்டமும் காசு கட்டிய இடம் அது. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசின் காலத்தில் கொழும்பில் குதிரைப்பந்தயம் நின்றது. நுவரெலியாவில் மறுபடி குதிரை ஓட 1980கள் பிறக்கவேண்டியிருந்தது.

குதிரை நின்றதே தவிரப் பந்தயம் நிற்கவில்லை. அது இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களில் றேஸ் புக்கிக்குள் நுழைந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் அஸ்கொட், எப்சம், டொன்காஸ்டர், நியூமார்க்கெட். அங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, மாரியில் ஏழரை. பகல் வேலை முடித்து, முகம் கழுவி, சேர்ட் மாற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்கினால் முதல் ஓட்டத்தைப் பிடிக்கலாம். இந்த நேரப் பொருத்தத்தை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. புக்கிக்காரருக்குப் பூமியே செய்துகொடுத்தது. சின்னத் துண்டுச் சீட்டில் குதிரையின் பெயர், வின்னா பிளேஸா, எத்தனை ரூபா. கடவுச்சீட்டு என்ற ஒன்றைத் தொட்டே பார்க்காத மனிதர் டொன்காஸ்டரில் இன்று தரை ஈரம், பாரம் கூடிய குதிரை இழுக்காது என்று விளக்குவார். பலசமயம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு சுவீகரித்தது. வெள்ளைக்காரத் துரைமார் பெட்டி கட்டினார்கள். 1960களின் பிற்பகுதி வரை இலங்கையரை உறுப்பினராகச் சேர்க்காத ஹில் கிளப்பும் அதற்குள் கதவைத் திறந்திருந்தது. எல்லாம் கைமாறிய பிறகும், அட்டன் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு துளி பிரிட்டிஷ் குதிரையின் காலைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது.

போக்கர் இந்த மலைக்கு இரண்டாம் முறை வந்தது தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத்தில் 86 டொலர் கட்டி ஆடிய தகுதிச் சுற்று ஒன்றின் வழியாக லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 இலட்சம் டொலர் வென்றார். பெயர் வேறு அப்படி வாய்த்துவிட்டது. அன்றிலிருந்து உலகத்தில் மூலைமுடுக்கெல்லாம் வீட்டு மேசையில் ஹோல்டெம் தொடங்கியது. கையில் இரண்டு கடதாசி, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. படிக்க வேண்டியது குறைவு, பழக வேண்டியது அதிகம்.

கொழும்பில் கசினோக்கள் அதற்கு முன்பே இருந்தன. 1990களின் தொடக்கத்தில் பிரேமதாச அரசு மூடியது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன. பாலீஸ், பெலாஜியோ, எம்ஜிஎம் என்று அமெரிக்கப் பெயர்கள். 2010இல்தான் கசினோத் தொழிலுக்கென்று தனிச்சட்டம் வந்தது. 2025 ஓகஸ்டில் கொழும்பில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் தன் பெருங்கசினோவைத் திறந்தது. மலையகத்திலிருந்து கொழும்புக்குக் கடைவேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போன இளைஞர்கள் ஒரு காலத்தில் இந்தக் கசினோக்களை அறிந்தது முக்கியமாக ஒரு காரணத்துக்காக: உள்ளே போனவருக்குச் சாப்பாடும் குடியும் இலவசம். கொஞ்சம் சிப் வாங்கி, மெதுவாக ஆடி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் இலாபம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. அந்தக் கணக்கை அவர்களுக்கு முன்பே கசினோ போட்டிருந்தது. ரூலட் சக்கரத்திலும் பக்கரா சீட்டாட்டத்திலும் கசினோ எப்போதும் ஒரு சிறு பங்கு மேலே இருக்கும். போக்கரில் ஆட்கள் ஆளோடுதான் மோதுவார்கள். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து மேசைக்காரர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே இருப்பார். ஆறுபேர் சமபலத்தோடு விடியும்வரை ஆடினால் ஆறுபேரும் தோற்று எழும்பலாம். பழகாதவருக்கு இது கடைசியில்தான் உறைக்கும்.

இப்போது அந்த இலவசச் சாப்பாட்டுக்கும் வாசலில் விலை. கசினோவுக்குள் நுழைய இலங்கைப் பிரஜை கட்டவேண்டிய வரி 50 டொலராக இருந்து 2025இல் 100 டொலரானது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக இருந்தது. 100 டொலர் 2025இல் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபா. அந்தச் சம்பளக் கணக்கில், ஒரு கடதாசியையும் தொடுமுன்பே இருபத்திரண்டு நாள் பேர் போய்விடும். நாட்டு மக்களைச் சூதிலிருந்து காப்பாற்ற என்று சொல்லப்படும் இந்த வரி, நடைமுறையில் எந்த நாட்டு மக்களைத் தடுக்கிறது, எவரைத் தடுப்பதில்லை என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதே ஆண்டில் சூதாட்டத்துக்கு ஒரு தனி ஒழுங்குமுறை அதிகாரசபையை அமைக்கும் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

ஆகவே அட்டன் பக்கத்துப் பொடியன்களின் போக்கர் வீட்டிலேயே நடக்கிறது. லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்களில் இப்போது ஓர் அறை கூடுதலாக இருக்கிறது, கதவைச் சாத்தலாம். கொழும்பிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்த நாலைந்து பேர், கண்டோஸ் டொஃபியோ தீக்குச்சியோ சிப்பாக, துணிந்தவர்கள் இருபது ரூபாத் தாளோடு. ஓமி ஆடிப் பழகிய அப்பாவுக்கு இந்த ஆட்டத்தில் துரும்பே கிடையாது என்பதுதான் பிடிபடவில்லை.

“அப்ப எதால வெட்டுறது?”

“வெட்டேலாதுப்பா. அஞ்சு காட்ஸையும் சேர்த்துப் பார்க்கணும்.”

பெரிய சண்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் வரும். ஐந்தும் ஒரே இனமாக வந்தால் பெரிதா, ஐந்தும் வரிசையாக வந்தால் பெரிதா? வரிசையாக வருவதுதான் கஷ்டம் என்று பாதிப்பேர் சத்தியம் பண்ணுவார்கள். 52 கடதாசியிலிருந்து ஐந்து எடுக்க 25,98,960 வழி உண்டு. அதில் வெறும் வரிசை 10,200. வரிசையில்லாத ஒரே இனம் 5,108. இனம்தான் மேலே. ஷென்க் காலத்து அமெரிக்க மேசைகளில்கூட வரிசையாக வரும் கையைச் சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் மறுத்தார்கள். கைபேசியில் தேடிக் காட்டினாலும் அப்பா ஒத்துக்கொள்வதில்லை. அடுத்த கையைப் போடச் சொல்கிறார்.